கேதீஸ்வரனுக்கு நிலுவை இல்லை

புத்தூர்
11.09.2024

அன்பு அக்காவுக்கு,

இங்கே நானும் ஆரணியும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீங்களும் அத்தானும் அப்படியே இருக்க வேண்டும். சாவகச்சேரிக்கும் புத்தூருக்கும் இடையில் இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். என் போன் அணைத்தபடி அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. நிறைகுடம் பினான்ஸ் என்ற கம்பனியிலிருந்து ஒரு பெண் மருந்து நேரம்போல மூன்று வேளையும் அழைப்பு எடுக்கிறார். முதலில் "சேர், தவணை பிந்துது" என்றார். இப்போது ஆள் அனுப்புவோம் என்கிறார்.

விஷயம் இதுதான். எங்கள் வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கிற கிணறு குணலட்சுமி மாமியின் காணிக்குள் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் நாங்கள் பங்குக்காரர் என்று அப்பா காலம் முழுக்க நம்பினோம். காணி உறுதிப் பத்திரத்தில் அப்படி ஒரு வரியும் இல்லையாம். ரொறொன்ரோவில் இருக்கிற மாமியின் மகன் காணியை விற்கப்போகிறான். சித்திரை வருடப் பிறப்புக்கு முன் நான் வாங்கினால் எனக்கு. இல்லையென்றால் அங்கேயே இருக்கிற இன்னொருவர் வாங்கி, சுற்றி மதில் கட்டி, உள்ளே நீச்சல் தடாகம் வைக்கப்போகிறார். கிணறு போனால் என் தோட்டம் பந்து விளையாட உதவும்.

அதற்காக வங்கிக்குப் போனேன். கடன் அறிக்கை என்று ஒன்று இருக்கிறது, அக்கா. யார் எங்கே எவ்வளவு வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்பதெல்லாம் கொழும்பில் பதிந்து வைத்திருக்கிறார்கள். வங்கிக்காரர் முதலில் அதைப் பார்ப்பார்கள். பிறகுதான் எதிரில் இருக்கிற ஆளைப் பார்ப்பார்கள்.

"லாண்ட்மாஸ்டர் எப்பிடி ஓடுது?" என்று மனேஜர் கேட்டார்.

"எந்த லாண்ட்மாஸ்டர்?"

"போன வருசம் மாசியிலை லோன் போட்டு எடுத்தனீங்கள். ஒன்பது லட்சம். இந்த வருசம் பங்குனியோடை கட்டுறதை விட்டிட்டியள்."

எனக்குச் சொந்த உழவு மெசின் ஏது, நான் உழவுக்கு மணித்தியாலக் கூலி கொடுக்கிறவன் என்றேன். அவர் திரையைத் திருப்பினார். என் பெயர், என் அடையாள அட்டை இலக்கம், கம்பனியின் சாவகச்சேரிக் கிளை. பக்கத்தில் எனக்கு ஒரு புள்ளி போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆங்கிலத்துக்கு வந்ததைவிடக் கேவலம்.

அத்தான் இந்தக் கம்பனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கொமிசன் எடுக்கிறவர். ஒரு தரம் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: உங்கள் பக்கத்தில் யாரிடமாவது புது லாண்ட்மாஸ்டர் நிற்கிறதா? நிறம் சிவப்பு என்று பதிவில் இருக்கிறது.

உங்கள் தம்பி,
கேதீஸ்வரன்


உ

சாவகச்சேரி
19.09.2024

அன்புத் தம்பிக்கு,

பிள்ளையார் துணையால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உன் கடிதத்தைக் கண்டதில் சந்தோஷம். அத்தான் பக்கத்தில் இருந்து உன்னை விசாரிக்கிறார். கடிதத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார்.

இது கொம்பியூட்டர் விட்ட பிழை என்கிறார். இப்படி எத்தனையோ பேருக்கு நடந்து, தானே திருத்திக் கொடுத்திருக்கிறாராம். நீ பொலிசுக்கோ கொழும்புக்கோ எழுதி வீணாக அலையாதே. அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, மூன்று வெற்றுத்தாளில் உன் கையெழுத்து, ஒரு படம், இவ்வளவும் அனுப்பு. படம் பெரிதாக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சிரிக்காத படம்.

இங்கே இம்முறை மாங்காய் குறைவு. பின்வளவில் போட்ட தகரக் கொட்டிலுக்குப் புதுப் பூட்டு வாங்கியிருக்கிறோம். கள்ளர் பயம் கூடிவிட்டது. முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது, ஆர் வந்தாலும் கொடுத்துவிடுகிறேன்.

என் கடிதங்களை அத்தான்தான் ரவுணுக்குப் போகும்போது தபாலில் போடுகிறார். பிந்தினால் யோசிக்காதே. ஆரணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் அக்கா,
உதயகலா


புத்தூர்
21.10.2024

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சுகம், சின்னவனுக்கு மட்டும் தடிமன். உங்கள் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழியைப் பார்த்ததும் பாதிக் கவலை போய்விட்டது. கடையில் சாமான் வாங்குகிற துண்டுக்கும் சுழி போடுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

அத்தான் கேட்டதெல்லாம் இதனுடன் இருக்கின்றன. படம் போன கிழமை எடுத்தது. சிரிக்காமல் இருப்பதற்கு வங்கிப் புள்ளியை நினைத்துக்கொண்டேன்.

வங்கியில் ஒரு பிள்ளை புள்ளியை உயர்த்தும் வழி சொல்லித் தந்தார். தவணையை நாளுக்குக் கட்ட வேண்டும். ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கடன் கேட்கக்கூடாது. வருடத்துக்கு ஒரு தரமாவது அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். தெரியாதவர்களுக்குப் பிணை நிற்கக்கூடாது. தெரிந்தவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எழுத வேண்டாம் என்றீர்கள். அதற்கு முன்பே மனேஜர் ஓர் ஆட்சேபப் படிவம் தந்து நிரப்ப வைத்துவிட்டார். கம்பனி பதிலுக்குக் கடன் ஒப்பந்தத்தின் பிரதியை அனுப்பியிருக்கிறது. அதில் இருக்கிற கையெழுத்து என்னுடையதுதான், அக்கா. யாரோ பார்த்துப் போட்டது இல்லை. நான் போட்டது. திகதி, அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இரண்டு நாள் முதல்.

மரண சகாய நிதிக்கென்று அத்தான் அன்று ஒரு கட்டுப் பத்திரம் நீட்டியது ஞாபகம் இருக்கிறதா? நீங்களும் கையெழுத்துப் போட்டீர்கள், நானும் போட்டேன், சித்தப்பாவும் போட்டார். செத்தவீட்டில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பத்திரம் வாசிக்கிறவனை எங்கள் ஊர் சாகும்வரை மன்னிக்காது. 'தகப்பன் போன சூடு ஆறேல்லை, கணக்குப் பாக்கிறான்' என்பார்கள். நான் நல்ல பிள்ளையாக, கண்ணீரைத் துடைத்த கையால் காட்டிய இடமெல்லாம் போட்டேன்.

அந்தக் கட்டில் வேறு கடதாசி ஏதும் தவறுதலாகக் கலந்திருக்குமோ? அத்தானிடம் கேட்டுச் சொல்லுங்கள். லாண்ட்மாஸ்டரைப் பற்றி நான் கேட்டதற்கும் பதில் காணவில்லை.

உங்கள் தம்பி,
கேதீஸ்வரன்


உ

சாவகச்சேரி
02.12.2024

அன்புத் தம்பிக்கு,

சின்னவனுக்குத் தடிமன் மாறியிருக்கும் என்று நம்புகிறேன். கற்பூரவள்ளி அவித்துக் கொடு.

பதில் எழுதப் பிந்திவிட்டது. இங்கே பேய் மழை. முற்றத்தில் முழங்கால் தண்ணீர். அடுப்படிக்குள் தவளை. கிணறும் வாய்க்காலும் ஒன்றாகிவிட்டன. உங்கள் பக்கத்திலும் வெங்காயம் அழுகியிருக்கும். தண்ணீர் வற்றியதும் வேப்பம் பிண்ணாக்குப் போட்டுப் பார்.

உன் விஷயம் சரிவந்துவிட்டது என்று அத்தான் சொல்லச் சொன்னார். இனி அந்தக் கம்பனியிலிருந்து உனக்கு ஒருவரும் எடுக்க மாட்டார்கள். நீயும் அங்கே போய் ஒன்றும் கேட்காதே.

தம்பி, உன் உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
உதயகலா


புத்தூர்
10.01.2025

அன்பு அக்காவுக்கு,

பொங்கலுக்கு முன் உங்கள் சுகம் கேட்டு எழுதுகிறேன். என் சுகத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

நீங்கள் எழுதியது சரி. போனைப் பானையிலிருந்து எடுத்தேன். அந்தப் பெண்ணிடமிருந்து அழைப்பே இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வெறுமையாகக்கூட இருந்தது. சந்தோஷத்தில் வங்கிக்கு ஓடினேன். மனேஜர் அறிக்கையைப் புதிதாக எடுத்தார்.

"நல்ல செய்தி. உங்கட பேரிலை நிலுவை ஒண்டும் இல்லை."

"அப்ப கடன் தருவியளோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதிலை ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. நீங்கள் போன வருசம் பங்குனியிலை மோசம் போயிட்டியள்."

"ஆர்?"

"நீங்கள்தான். கடனாளி இறந்தபடியால் காப்புறுதியிலை தீர்க்கிறதெண்டு கம்பனி பதிஞ்சிருக்கு."

"ஐயா, நான் உங்களுக்கு முன்னாலை இருக்கிறன்."

"ஓம், எனக்குத் தெரியுது. கொம்பியூட்டருக்குத் தெரியேல்லை. செத்த ஆளுக்குக் கடன் குடுத்தால் கணக்குப் பாக்கிற ஓடிற்காரர் என்னை விடுவினமோ?"

முன்பு புள்ளி குறைவாகவாவது இருந்தது. இப்போது அந்தப் பெட்டியில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது. எழும்பும்போது மனேஜர் கை கொடுத்தார். வழக்கமாகக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

இறந்த திகதி 21.03.2024. இடம் சாவகச்சேரி.

அத்தான் எதைத் திருத்தினார், எப்படித் திருத்தினார் என்று அறிய விருப்பம். கிணற்றுக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது.

உங்கள் தம்பி,
கேதீஸ்வரன்


உ

சாவகச்சேரி
22.01.2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் நல்லபடி முடிந்தது. பால் கிழக்கே பொங்கி வழிந்தது. நீங்களும் சந்தோஷமாகப் பொங்கியிருப்பீர்கள்.

உனக்கு அப்படி வந்ததைக் கேட்டு மனவருத்தம். அத்தான் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். கடன் போனதுதான் பெரிய விஷயமாம். மற்றதைக் காலப்போக்கில் பார்க்கலாமாம். உயிரோடு இருக்கிறேன் என்று எல்லா இடமும் போய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தால் கடன் திரும்பி வந்துவிடுமாம். கிணற்றை ஆரணியின் பெயரில் வாங்கலாம்தானே என்று கேட்கிறார். கணவனை இழந்த பெண்களுக்குக் குறைந்த வட்டியில் ஒரு கடன் திட்டம் இருக்கிறதாம்.

அவர் சொன்னதைத்தான் எழுதினேன்.

நீ சின்ன வயதில் காய்ச்சல் வந்து கிடந்தபோது அம்மா உன்னை ஒரு மாதம் வெளியே விடவில்லை. இப்போதும் அப்படி வீட்டோடு கொஞ்ச நாள் இரேன். வவுனியாவில் சித்தப்பா தனியாகத்தான் இருக்கிறார். போய் அவரோடு நின்றாலும் நல்லது.

உன் அக்கா,
உதயகலா


புத்தூர்
17.02.2025

அன்பு அக்காவுக்கு,

சுகம். இது வதந்தி அல்ல.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு ஆரணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடனுக்கு வட்டி எவ்வளவு என்று கேட்டாள். பகிடிக்குத்தான் என்று நினைக்கிறேன்.

கிராம அலுவலகத்தில் விதானையாரிடம் போய் நான் உயிரோடு இருப்பதாக ஒரு கடிதம் கேட்டேன். அந்தப் படிவம் ஓய்வூதியக்காரருக்குத்தான் இருக்கிறதாம். மற்றவர்கள் தம் பாட்டில் உயிரோடு இருக்கலாம், அதற்கு அத்தாட்சி தேவையில்லை என்றார். கடைசியில் மனமிரங்கி, 'எனக்குத் தெரிந்தவரையில்' என்று தொடங்கி எழுதித் தந்தார்.

அதைக் கொண்டுபோய் நிறைகுடத்தின் கவுண்டரில் கொடுத்தேன். மரணத்தை அறிவித்தவர் வந்து, அறிவித்தது பிழை என்று எழுதித் தர வேண்டுமாம். அறிவித்தவர் யார் என்று சொல்ல மாட்டார்களாம், அது வாடிக்கையாளரின் இரகசியமாம். வாடிக்கையாளர் நான்தான் என்றேன். "அவர் செத்திட்டார் அண்ணை" என்றான் கவுண்டரில் இருந்தவன்.

நெருங்கிய உறவினர் என்பதை மட்டும் சொன்னார்கள். ஆரணி இல்லை, கேட்டுவிட்டேன். உங்களுக்கு யாரையாவது தெரியுமா?

இன்னொரு விஷயம். போன கிழமை ஹெல்மெட் கழற்றாத ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து, நான் எத்தனை மணிக்கு இறைக்கப் போவேன், தனியாகவா போவேன் என்று பக்கத்துக் காணிச் சுரேசிடம் கேட்டானாம். வெங்காயம் வாங்குகிற ஆளாக இருக்கும் என்று சுரேஸ் நினைத்தான். விலை ஒன்றும் கேட்கவில்லையாம்.

வவுனியாவுக்குப் போகவில்லை. கிணற்றை விட்டுவிட்டு எங்கே போவது?

உங்கள் தம்பி,
கேதீஸ்வரன்


புத்தூர்
14.03.2025

அன்பு அக்காவுக்கு,

மாசிக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உங்களுக்குச் சுகமில்லையோ என்று யோசனை. இங்கே நல்ல வெயில். மழையைக் கண்டு எத்தனையோ நாளாயிற்று. கிணற்றடி மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிறது.

நேற்று வரம்பில் நின்றபோது கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"கேதீஸ்வரன் எண்டவற்றை வீடு எது அண்ணை?"

"என்ன விஷயம்?"

"காப்புறுதிக் கம்பனியிலை இருந்து வாறன். அவர் மோசம் போனதைப் பற்றி விசாரிக்க வேணும்."

"எப்பிடி மோசம் போனவராம்?"

"நெஞ்சுநோ. சாவகச்சேரியிலை அக்கா வீட்டிலை நிக்கேக்கை."

"பாவம். கடைசியா ஏதும் சொன்னவராமோ?"

அவர் கோப்பைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கோப்பைப் பார்த்தார். "அண்ணை, அவருக்கு இரட்டைச் சகோதரம் ஆரும் இருக்கினமோ?"

பெயர் கஜீபன், கோப்பாய்ப் பிள்ளை. வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஆரணி கொடுத்த தேத்தண்ணீரைக் குடிக்கும்வரை என்னை நேரே பார்க்கவில்லை. கோப்பைக் காட்டினார். மரணச் சான்றிதழின் போட்டோப் பிரதி. அசல் இல்லை. இலக்கம் அப்பாவினுடையது. அவர் பெயர் இருந்த இடம் வெளிறி, அதன் மேல் என் பெயர் ஏறியிருக்கிறது. பிறகு 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒரு நோட்டீஸ், நடுவில் என் படம். அக்கா, நல்ல படம். ஐப்பசியில் உங்களுக்கு அனுப்பியது.

கடைசியாக மரணத்தை அறிவித்த கடிதம். தாளின் தலையில் ஒரு பிள்ளையார் சுழி. செத்தவீட்டுக் கடதாசிக்கு ஒருவரும் சுழி போடுவதில்லை. கை பழகிய ஆள்தான் போட்டிருக்க வேண்டும். கீழே பெயரும் கையெழுத்தும் இருந்தன. "ஆளைத் தெரியுமோ அண்ணை?" என்று கஜீபன் கேட்டார். எழுத்து வடிவாக இருக்கிறது என்றேன்.

அவர் வருடப் பிறப்புக்கு முன் அறிக்கை எழுத வேண்டும். "உங்களைக் கண்டனான் எண்டு எழுதினால் கையெழுத்து வைச்ச ஆள் கோட்டுக்குப் போகவேண்டிவரும். எழுதாட்டி நீங்கள் செத்தது செத்ததுதான். நீங்களே யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். நல்ல பிள்ளை. ஆனால் சாகிறதா இருக்கிறதா என்று கேட்டுவிட்டு யோசிக்க நேரமும் தருகிறார்.

அத்தான் அவரை வருகிற பங்குனித் துவாதசிக்குச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறாராம். என் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசம்.

சுரேசிடம் விசாரித்த மோட்டார் சைக்கிள்காரர் இவர்தானோ என்று கேட்டேன். இந்தப் பக்கம் இன்றுதான் முதல் தரம் வருகிறேன் என்றார்.

உங்கள் தம்பி,
கேதீஸ்வரன்


சாவகச்சேரி
24.03.2025

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. அத்தானும் வாசித்தார்.

திவசத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாய். அவசரத்தில் அந்த உத்தியோகத்தரிடம் சொல்லியாயிற்று. சொன்ன பிறகு செய்யாமல் விட முடியாது. ஐயருக்கும் சொல்லிவிட்டோம். அயலில் ஐந்தாறு வீடு. எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாகத்தான் கதைக்கிறார்கள். பக்கத்து வீட்டு லூர்த்தம்மா, எங்களுக்குச் சொந்தபந்தம் இல்லாத மனுசி, நேற்று வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. நானும் அழுதேன்.

முருங்கைக்காய்க் குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பயற்றம் பணியாரமும் வைத்துப் படைப்பேன். உனக்கு விருப்பமானவைதானே. அன்று நீ இந்தப் பக்கம் வராதே என்று அத்தான் சொல்லச் சொன்னார். பட்டினி கிடக்காதே. வீட்டில் ஆரணியைச் சமைக்கச் சொல்லிச் சாப்பிடு.

கிணற்றடி வழுக்கும். தனியாக இறைக்கப் போகாதே.

அக்கா


புத்தூர்
29.03.2025

அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உங்கள் இருவரின் சுகத்துக்கும் பிரார்த்திக்கிறேன். இந்தக் கடிதத்தை அத்தானும் வாசிப்பார் என்பதால் அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த முறை சுழி இல்லாமல் கடிதம் வந்தது. முறைப்படி அது சரிதான். கிணற்றடியைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. இப்போது சுரேசும் அவன் தம்பியும் என்னோடுதான் இறைக்க வருகிறார்கள்.

கஜீபனிடம் என் பதிலைச் சொல்லிவிட்டேன். திவசத்தன்று சொல்கிறேன் என்பதுதான் பதில். என் திவசத்துக்கு ஊரெல்லாம் வந்து சாப்பிட, நான் மட்டும் வராமல் விடுவது மரியாதை இல்லை. படைக்கிறதைக் காகத்துக்கு வைத்து, அது வருமா வராதா என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்கவும் தேவையில்லை. நேரிலே வருகிறேன். பந்தியில் இரண்டு இலை கூடுதலாகப் போடுங்கள். ஒன்று எனக்கு, மற்றது கஜீபனுக்கு.

அறிவித்தவர் தன் வாயால், தன்னிடம் அந்தக் கையெழுத்தை வாங்கியது யார் என்று சொல்லி எழுதிக் கொடுத்தால், வழக்கு அந்த வாங்கியவர் பக்கம் போகுமாம். சொல்லாவிட்டால் கையெழுத்து வைத்தவர் தனியாகத்தான் நிற்க வேண்டுமாம். இது கஜீபன் சொன்னது. நான் அறிவித்தவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அவர் எழுத்தைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். என் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்தவர்.

மாமியின் மகன் வருடப் பிறப்புவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறான். வங்கி மனேஜரும், நான் உயிர்த்தெழுந்தால் உடனே தனக்கு அறிவிக்கச் சொன்னார்.

கேதீஸ்வரன்


உ

தபாற் கந்தோர், சாவகச்சேரி
04.04.2025

என்ரை தம்பிக்கு,

சுகமா என்று கேட்கவில்லை. சுகமாக இரு.

இது அவர் வாசிக்காத முதல் கடிதம். சந்தைக்கென்று வந்து, தபாற் கந்தோர் மேசையில் நின்று, இங்கே கட்டியிருக்கிற பேனையால் எழுதுகிறேன். மை விட்டு விட்டு வருகிறது.

துவாதசியன்று காலையில் அவர் வாடகை வான் பிடித்துக்கொண்டு உன்னை ஏற்ற வருவார். மச்சானை மரியாதையாகக் கூட்டிவருவதாக எல்லோரிடமும் சொல்கிறார். கம்பனியில் காசு அறவிடுகிற அவரின் கூட்டாளியும் வருகிறான். ஹெல்மெட் போட்டுக்கொண்டு உன் தோட்டப் பக்கம் வந்தவன் அவன்தான். மீசாலைப் பாதையால், நீரேரி வெளியால் வருவதாகக் கதைத்தார்கள். அந்த வெளியில் ஒரு வீடும் இல்லை. ஏறாதே. அவர் அழுதாலும் ஏறாதே. நான் வானுக்குள் இருக்கிறேன் என்று சொன்னாலும் ஏறாதே, நான் இருக்க மாட்டேன். கஜீபனோடு யாழ்ப்பாணம் போய், அங்கேயிருந்து சனம் நிறைந்த பஸ்ஸில் வா.

முதல் கடிதத்தில் நீ ஒன்று கேட்டாய். சிவப்புத்தான். பின்வளவுக் கொட்டிலில் நின்றது. மார்கழியில் கிளிநொச்சிப் பக்கம் கொண்டுபோய் விற்றார். காசு எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. கொட்டிலுக்கு இன்னும் பூட்டுப் போட்டுத்தான் இருக்கிறது.

லூர்த்தம்மாவிடம், அன்று முழுநாளும் என்னோடு அடுப்படியில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டா. அழுகிறதுக்கு ஆள் வேணும் என்றேன்.

இரண்டு இலை போடுவேன். உன் இலையை லூர்த்தம்மாவுக்குப் பக்கத்தில் போடுகிறேன். அவ பயந்துபோவா, முதலிலே கதை கொடு.

கஜீபன் தம்பியிடம் சொல், அவர் எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு வரட்டும், நான் கையெழுத்து வைப்பேன். செத்தவீடு என்றாலும் பரவாயில்லை, என் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருப்பேன்.

உன் அக்கா,
உதயகலா